இடது பின் சக்கரம்

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் உங்களைச் சொல்கிறார்களே தவிர, ஒரே வண்டியின் பிரேக் சத்தத்தை மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இடது பின் சக்கரத்தில் லைனிங் டிரம்மைத் தொடாத அளவுக்குத் தளர்த்தி வைத்திருக்கிறதே, இது யார் வேலை என்று கேட்டீர்கள். என் வேலைதான். ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் பாதி எழுதியதாகத்தான் ஆகும்.

சத்தத்தில் பல ரகம் உண்டு. பனியில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும் முதல் சில மிதிக்கு ‘கீச்’ என்று வரும். ஈரத்தில் டிரம்முக்குள் படிந்த துருதான் அது. மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் போய்விடும். தூசி புகுந்தால் கரகரக்கும். மலை இறங்கிச் சூடான டிரம்மில் சுனைத் தண்ணீரை மொண்டு ஊற்றுவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். ஊற்றி ஊற்றி டிரம் வட்டம் கெட்டுப்போனால், மிதிக்கிற கால் உதறும். இதெல்லாம் சளி இருமல் மாதிரி. பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டிரம்மை அழுத்திப் பிடிக்கிற லைனிங் முழுக்கத் தேய்ந்து, அதில் அடித்திருக்கும் ரிவிட்டு டிரம்மைச் சுரண்ட ஆரம்பிக்கும்போது, அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் வழிக்கிற சத்தம் வரும். அது வந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, பாறையை ஒட்டி ரோடு போகிற இடங்களில் மெல்ல மிதிப்பேன். சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும். கொண்டை ஊசி வளைவுகளில் பாறை ஒருமுறை இடப்பக்கம் வரும், ஒருமுறை வலப்பக்கம் வரும். எந்தப் பக்கம் பாறை வரும்போது சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரம். முன்னதா பின்னதா என்பதற்கு ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்தால் போதும். எங்கள் வண்டியில் அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அப்படிக் கேட்டுத்தான் இடது பின் சக்கரம் என்று முடிவுக்கு வந்தேன். நீங்கள் கழற்றிப் பார்த்துவிட்டு அதையே சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

வண்டி என் மாமனார் சின்னச்சாமியுடையது. போடியில் வீடு, மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். தோட்டத்துக்கு அரிசி பருப்பு ஏற்றிப் போவதும் காய் இறக்கி வருவதும் அந்த வேன்தான். வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் சினிமாவுக்கும் போவதும் அதில்தான். சீட்டைக் கழற்றினால் லோடு வண்டி, மாட்டினால் குடும்ப வண்டி. கழற்றுவதும் மாட்டுவதும் ஓட்டுவதும் நான். டிரைவராக இருந்தால் லீவு கேட்கலாம். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு ஏது லீவு?

என்னைக் கொடுமை செய்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். மாமா ஒரு நாளும் என்னை ஒருமையில் பேசியதில்லை. அத்தை ஒச்சம்மாள் கறி எடுத்தால் ஈரல் என் தட்டுக்குத்தான் வரும். அவர்களுடைய ஒரே மகன் பிச்சைமணி, எனக்கு மச்சான், தீபாவளிக்குத் தனக்கு எந்தத் துணியில் சட்டை எடுக்கிறாரோ அதே துணியில் எனக்கும் எடுப்பார். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. நான் கேட்டது ஒன்றுதான். ராசிங்காபுரத்தில் எனக்கு ஒரு ஓட்டு வீடும் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. நானும் என் மனைவி சந்திரவல்லியும் அங்கே போய்த் தனியாக இருக்க வேண்டும். எமர்ஜென்சி சமயத்தில் கல்யாணம் ஆனது. அப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா மாட்டேன் என்று சொன்னதே இல்லை.

“தாராளமாப் போங்க மாப்ளே. இந்தப் பறிப்பு மட்டும் முடியட்டும்” என்பார்.

ஏலக்காய்ப் பறிப்பு முடிகிற சமாச்சாரம் இல்லை ஐயா. தோட்டத்தின் ஒரு முனையில் முடித்து நிமிர்ந்தால் மறு முனையில் காய் திரண்டு நிற்கும். அது ஓய்ந்தால் கவாத்து, களை, மருந்து. பிறகு மறுபடி பறிப்பு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் எத்தனை பறிப்பு விருந்தாளியாக இருந்தேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை. அசதிதான் வந்தது. தூங்கினால் போகிற அசதி இல்லை. காலையில் எழுந்து சாவியைக் கையில் எடுத்ததுமே தோள் இரண்டும் கீழே இறங்கிவிடும். சந்திரவல்லிக்கு அது தெரியும். அவளும் என்னதான் செய்வாள், பெற்ற வீடு.

இறக்கத்தில் மாமா பக்கத்தில் இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும். “கல்லு கூடத் தானா உருண்டு வருது, வண்டிக்கு எதுக்கு டீசல்” என்று சொல்வார். மலை முழுக்க இந்தப் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. கியர் பிடிக்காத வண்டி மொத்தமும் பிரேக்கில் தொங்கிக்கொண்டு வரும். லைனிங் தேயாமல் என்ன செய்யும்?

சட்டி வழிக்கிற சத்தம் முதலில் கேட்ட அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன்.

“மாமா, எடது பின்சக்கரம் இரும்போட இரும்பு உரசுது. டிரம்மு கடைசல் புடிக்கணும், லைனிங் மாத்தணும். மதுரைக்குத்தான் கொண்டு போகணும்.”

“எத்தன நாள் நிக்கும் வண்டி?”

“ஒரு வாரமாச்சும் ஆகும்.”

“இந்தப் பறிப்பு முடியட்டும் மாப்ளே.”

எனக்கும் வண்டிக்கும் ஒரே பதில்தான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். கடைசித் தடவை அவருக்குச் சலித்துவிட்டது. மதிப்பாகத்தான் பேசினார், குரல் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. “பொம்பளையாளுக வண்டில உக்காந்து காதப் பொத்திக்கிறாளுக. இப்பதைக்கு அந்தச் சத்தத்த மட்டும் நிப்பாட்டுங்க, மத்தத அப்பறம் பாப்போம்” என்றார்.

நிறுத்தினேன். அது பெரிய வித்தை இல்லை. டிரம்முக்குப் பின்னால் உள்ள அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டால் லைனிங் டிரம்மைத் தொடாது. தொடாவிட்டால் சத்தம் ஏது? அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது, அவ்வளவுதான். மீதி மூன்று சக்கரம் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். நானும் மிதிப்பதைக் குறைத்து, மாமா இல்லாத நேரத்தில் கியரிலேயே இறக்கி, சமாளித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குச் சந்தோஷம். “பாத்தீங்களா, மதுரை மதுரைன்னீங்க” என்று முதுகில் தட்டினார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். யாரும் அந்தச் சக்கரத்தைப் பற்றி அதற்குப் பிறகு நினைக்கவில்லை, அத்தையைத் தவிர.

அத்தை கெட்டிக்காரி. மச்சானுக்கும் அவர் மனைவி வீரலட்சுமிக்கும் ஒரே பெண், ராக்கு. ஐந்து வயது. தோட்டத்தில் இருக்கிற குலசாமி கோயிலில் அவளுக்குக் காது குத்துவதென்று நாள் குறித்தார்கள். வேனில் குடும்பத்தோடு போய் வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் அத்தை என்னிடம் வந்து, “அந்தச் சத்தம் எப்புடி மாப்ளே நின்னுச்சு?” என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. தளர்த்தி விட்டிருக்கிறேன், அந்தச் சக்கரம் பிடிக்காது என்று சொன்னேன். நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வீட்டில் பேச்சு வளர்ந்தது. பஸ்சில் போவோம் என்றார் அத்தை. சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது பேத்தி காதுகுத்துக்குப் பஸ்சுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்கும் என்றார் மாமா. இரண்டு பேரும் இறங்கி வராததால் கடைசியில் அந்த வீட்டில் எப்போதும் நடப்பது நடந்தது.

“பூக் கேப்போம்” என்றார் அத்தை. “சாமி செவப்பக் குடுத்தா வண்டி நாளைக்கே மதுரைக்குப் போகணும். வெள்ளையக் குடுத்தா நான் வாயத் தொறக்கல.”

மாமாவும் சரி என்றார். சாமி சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். அதை மட்டும் அவரிடம் மெச்ச வேண்டும்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். வாழையிலையில் மடித்து, நாரால் ஒரே மாதிரி கட்டி, வீட்டில் குலசாமியாக வைத்துக் கும்பிடுகிற சாமிப் பெட்டிக்கு முன்னால் உருட்டிவிடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். எடுத்ததைப் பிரிப்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதில் முக்கியமான விஷயம், பொட்டலம் கட்டுகிறவன் அந்தச் சாமியைக் கும்பிடுகிற பங்காளியாக இருக்கக் கூடாது. வேறு கும்பிடுக்காரனாக இருக்க வேண்டும். அவனுக்குத்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்காது என்று கணக்கு. அந்த வீட்டில் வேறு கும்பிடுக்காரன் நான் ஒருவன்தான். வந்த நாளிலிருந்து நான்தான் கட்டுகிறேன்.

இதற்கு முன்னால் நாங்கள் ராசிங்காபுரம் போகலாமா என்றும் பூக் கேட்டிருக்கிறார்கள். நான் கெஞ்சியதன் பேரில் அத்தைதான் ஏற்பாடு செய்தார். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று ஒழுங்காகக் கட்டினேன். இலையைக்கூட ஒரே அளவில் கிழித்தேன். சிவப்பு வந்தது. அடுத்த வருஷம் மறுபடி கேட்டோம். மறுபடி சிவப்பு. பிரிக்காத பொட்டலத்தை வாய்க்காலில் விட்டபோது அதைப் பிரித்து அந்த வெள்ளையைக் கண்ணால் பார்த்தால் தேவலை என்று இருந்தது. பார்க்கவில்லை. எனக்கு எதிராகவே நியாயமாகக் கட்டியவன் நான். அதை யாரும் ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வண்டிக்காகப் பூக் கேட்ட அன்று நான் எப்படிக் கட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வரிசை மாறினால் உங்களுக்குக் குழப்பம் வரும்.

ராக்குதான் எடுத்தாள். எப்போதும் அவள்தான். இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். “எதுனாலும் எடு ஆத்தா” என்றேன். எடுத்தாள். வெள்ளை. அத்தை திருநீற்றை எடுத்துப் பிள்ளை நெற்றியில் வைத்துவிட்டு, சொன்னபடி வாயை மூடிக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தை நான் வாய்க்காலுக்குக் கொண்டுபோனேன்.

புறப்படுகிற அன்று காலையில் எனக்குக் காய்ச்சல். வெங்காயத்தை உரித்து அக்குளில் வைத்துக்கொண்டு படுத்தால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்குத் தெரியாது. சந்திரவல்லி தொட்டுப் பார்த்தபோது சுட்டது. மச்சான் கோபிக்கவில்லை. “நீங்க படுங்க மாப்ளே, நான் ஓட்டுறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் சமவெளியில்தான் பழக்கம். அந்தச் சக்கரத்தில் பிரேக் தளர்ந்திருப்பது அவருக்கும் தெரியும். “வெள்ளைப் பூ வந்துருச்சுல்ல” என்று சிரித்தார்.

பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சந்திரவல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து வாசல் வரைக்கும் போனேன்.

“ஏத்தா, எனக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கக்கூட ஆள் இல்ல. நீ இருந்துக்க” என்றேன்.

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அண்ணன் மகள் காதுகுத்து, அத்தைக்காரி போகாமல் எப்படி? மாமாதான் சமாதானம் சொன்னார். “இரும்மா, மாப்ளைக்கு ஒடம்புக்கு முடியல. நாங்க வெரசா வந்துருவோம்.” அவள் இறங்கி வந்தாள். ராக்கு சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தெரு முனையில் மச்சான் பிரேக் போட்டார். சட்டி வழிக்கிற சத்தம் இல்லை. கேட்பதற்கு ஒரு குறையும் இல்லை.

மிச்சத்தை நீங்கள் போலீசில் கேட்டிருப்பீர்கள். காது குத்தி, கிடா வெட்டி, சாப்பிட்டு, வெயில் தாழ இறங்கியிருக்கிறார்கள். பாத்திரம், ஆள், மிச்சமான கறி எல்லாமாகப் பாரம் அதிகம். மாமா பக்கத்தில் இருந்ததால் எஞ்சின் அணைந்திருக்கும். பின்னால் வந்த தோட்டத்து ஜீப் டிரைவர் அழகுமலை என்னிடம் சொன்னார்: “எஞ்சின் சத்தமும் கேக்கலண்ணே, பிரேக்குச் சத்தமும் கேக்கல. நழுவிக்கிட்டே போச்சு. வளைவுல திரும்பவே இல்ல.” மாமா, மச்சான், வீரலட்சுமி, ராக்கு நாலு பேரும் போய்விட்டார்கள். அத்தை மட்டும் புதரில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார்.

போலீஸ் இதை விபத்து என்று முடித்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் நீங்களும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்றால், அத்தைக்காகத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் விளக்கு ஏற்றவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“சாமி பொய் சொல்லிருச்சு மாப்ளே. பச்சப் புள்ள கையாலேயே வெள்ளைய எடுக்க வச்சு, அதையே கொன்னுருச்சு. அந்தப் பெட்டிய ஆத்துல கொண்டு போட்டுட்டு வாங்க.”

சொன்னால் செய்கிறவன்தானே நான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகுடி ஆற்றங்கரை வரைக்கும் போனேன். போட முடியவில்லை. அது என் சாமி இல்லை, ஆனாலும் என்னிடம் ஒரு தப்பும் செய்யாத சாமி. எனக்குச் சிவப்பைக் கொடுத்தபோதுகூட நேராகத்தான் கொடுத்தது. அதன் மேல் இப்படி ஒரு பழி விழுவது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. பெட்டி இப்போதும் என் கூட்டாளி வீட்டில்தான் இருக்கிறது.

அன்றைக்கு இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் வைத்துக் கட்டினேன். சாமி பொய் சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கச் சாமிக்கு நான் வேறு எதையும் வைக்கவில்லை. இதை நீங்கள் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும். என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படியே கட்டுவதென்றால் இரண்டிலும் சிவப்பைக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சிவப்பு வந்தால் வண்டி மதுரைக்குப் போய் நன்றாகித் திரும்பி வரும். நன்றாக இருக்கிற வண்டிக்கு ஓட்ட ஆள் வேண்டும். எனக்கு அதற்கு மேல் ஓட்டத் தெம்பு இல்லை. வண்டி எங்காவது பாறையில் மோதி நின்றுவிட்டால், வண்டி இல்லாத வீட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சோலி இல்லை, போகவிட்டுவிடுவார்கள் என்பதுதான் என் நினைப்பு. வண்டி மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சந்திரவல்லியிடம் இன்று காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“என்னயக் கூப்புட்டு எறக்குன மாதிரி ராக்குவயும் ஏதாச்சும் சொல்லி எறக்கியிருக்கலாமேங்க?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்தப் பிள்ளை மேல் பிரியம்தான். ஆனால் காது குத்துவதே அவளுக்குத்தானே ஐயா. அவளை இறக்கியிருந்தால் பயணமே நின்றுபோயிருக்கும்.